அவருக்குப் பணி ஓய்வு... எனக்கு எப்போது?

("பணி ஓய்வு: வீட்டுக்கு வரமா, சுமையா?" என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் துணைவியார், குளுவாங்கைச் சேர்ந்த இல்லத்தரசி, பேசியது.)



நான் குளுவாங்கிலிருந்து வருகிறேன். குளுவாங் என்றதும் உங்களில் பலருக்கு ரயில் நிலையக் கோப்பியும் காயா ரொட்டியும்தான் ஞாபகம் வரும். 1938லிருந்து பேர் வாங்கிய கோப்பி அது. ஆனால் நான் கடைக் கோப்பியைப் பற்றிப் பேச வரவில்லை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்று வந்தபிறகு, ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கோப்பி கலக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். (சிரிப்பு)

என் வீட்டுக்காரர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். 1989 ஜனவரியில் பாலோ பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் வேலையைத் தொடங்கினார். 2024 ஆகஸ்டில் 60 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். நடுவில் 35 வருஷம். அந்த 35 வருஷத்தில் பள்ளிக்கூடம் எத்தனை தடவை மாறியது என்று யோசித்துப் பாருங்கள். அவர் சேர்ந்தபோது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் வீட்டுக்கு வருவதற்குள் அந்தத் தேர்வே போய்விட்டது. 1988ல் வந்ததை 2021ல் எடுத்துவிட்டார்கள். 2003ல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொன்னார்கள். தமிழில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த மனிதர், ராத்திரி பத்து மணிக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடம் தயார் செய்தார். சில வருஷம் கழித்து மறுபடியும் தமிழுக்கே மாற்றினார்கள். 2011ல் புதிய கலைத்திட்டம் வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, 55 வயதில் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து வாட்ஸ்அப் வழியாகப் பாடம் நடத்தப் பழகினார். இவ்வளவையும் முகம் சுளிக்காமல் செய்தார். அதற்காக அவருக்கு நான் முதலில் ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். (கைதட்டல்)

இனி நம் கதைக்கு வருவோம். அந்த 35 வருஷத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன் ஐயா. எழுத்து அட்டை வெட்டியது யார்? பள்ளி நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளின் உடைக்குப் பொத்தான் தைத்தது யார்? தேர்வு நேரத்தில் கூடுதல் வகுப்பு என்று தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சேர்த்து மதியச் சோறு கட்டிக் கொடுத்தது யார்? இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களின் துணைவிமாரைக் கேளுங்கள். எல்லோர் வீட்டிலும் இதே கதைதான். ஒரு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தால் அரசாங்கத்துக்கு இரண்டு பேர் வேலை செய்கிறோம். சம்பளப் பட்டியலில் ஒரு பேர்தான் இருக்கும். (கைதட்டல்)

பிறந்த நாளில் வரும் ஓய்வு

நம் நாட்டில் அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது ஒரு காலத்தில் 55. 2001ல் 56 ஆனது. 2008ல் 58, 2012ல் 60. வயது ஏறினாலும் ஒன்று மாறவில்லை. ஓய்வு பிறந்த நாளன்று வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறையா, பாடம் முடிந்ததா என்று பிறந்த நாள் பார்த்துக்கொண்டிருக்காது. தமிழ்நாட்டில், கல்வியாண்டுக்கு நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியரை அந்தக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் செய்யும் ஏற்பாடு இருக்கிறது. இங்கே என் வீட்டுக்காரர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தார். பின்னம் பாதி முடிந்திருந்தது. விழுக்காடு தொடங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியும், "இந்நேரம் விழுக்காடு ஆரம்பிச்சிருப்பாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

முதல் மாதம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பிள்ளைகள் வந்தார்கள், பழைய மாணவர்கள் பழக்கூடையோடு வந்தார்கள். இரண்டாவது மாதம் அவருக்கு வகுப்பறை தேவைப்பட்டது. வீட்டில் வேறு அறை எது? என் சமையலறைதான். (சிரிப்பு)

ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். மசாலா டப்பாக்களுக்கு எல்லாம் பெயர் ஒட்டி அகர வரிசையில் அடுக்கி வைத்திருந்தார். அகர வரிசைப்படி கடுகு முதலில், வெந்தயம் கடைசியில். எண்ணெய் காய்ந்து புகைகிறது, நான் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடுகிறேன். "முறையா இருக்கில்ல?" என்று கேட்கிறார். காலையில் பத்து மணி ஆனால் அவருக்குப் பசிக்கும். ஏனென்றால் 35 வருஷம் அந்த நேரத்தில் ஓய்வு மணி அடித்திருக்கிறது. நாளிதழையும் அவர் விடவில்லை. சிவப்புப் பேனாவால் ஒற்றுப்பிழைகளைச் சுழித்துக் கீழே மதிப்பெண் போட்டார். எவ்வளவு போட்டார் என்று இங்கே சொல்ல மாட்டேன். நாளைக்கு என் பேச்சை அவர்கள் அச்சிட வேண்டும்! (பலத்த சிரிப்பு)

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் சிரிக்க முடியாதது.

கடைத்தெருவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார், "சார், இப்ப சும்மாதானே இருக்கீங்க?" என்று. அந்தச் 'சும்மா' என்ற சொல் அவரைக் குத்திவிட்டது. அன்றிலிருந்து கடைக்குப் போவதை நிறுத்தினார். காலை ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, வாசல் நாற்காலியில் உட்காருவார். ஆறரைக்கு பள்ளிப் பேருந்து போகும். அது திருப்பம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நாள் முழுக்கப் பேச்சு இல்லை. பேசினால் கோபம். அவருக்கு நோய் எதுவும் இல்லை. 35 வருஷம் 'சார்' என்று கூப்பிட்ட குரல்கள் ஒரே நாளில் நின்றுபோனதுதான் காரணம்.

அவர் பக்கத்தில் நான். அவர் வேலைக்குப் போன காலத்தில் காலை ஏழிலிருந்து மதியம் இரண்டு வரை வீடு என் கையில் இருந்தது. வேலை முடித்து ஒரு மணி நேரம் படுப்பேன், அண்டை வீட்டு அக்காவோடு பேசுவேன். அது போயிற்று. மூன்று வேளைச் சமையல், நடுவில் நான்கு கோப்பி. அவருக்கு ஓய்வு வந்த அன்றே எனக்குக் கூடுதல் வேலை வந்துவிட்டது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால், "புருஷன் வீட்டுல இருக்கறது ஒரு குறையா?" என்பார்கள்.

ஜப்பானிலும் இதே கதை

இது நம் வீட்டுக் குறை மட்டும் இல்லை. ஜப்பானில் ஓய்வு பெற்ற கணவர்களுக்கு ஒரு கேலிப் பேர் வைத்தார்கள்: 'நனைந்த சருகு'. 1980களின் இறுதியில் பரவிய சொல் அது. மழையில் நனைந்த இலை துடைப்பத்தில் ஒட்டிக்கொண்டு, பெருக்கினாலும் போகாதாம். அதுபோல மனைவி எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறாராம். அதோடு நிற்கவில்லை. கணவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் மனைவிக்கு வரும் உடல், மன உபாதைகளுக்கு 1991ல் நோபுவோ குரோகாவா என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு நோய்ப் பெயரே வைத்தார். தலைவலி, வயிற்று வலி, தூக்கமின்மை என்று வந்த பெண்களைப் பார்த்து வைத்த பெயர்.

அந்த நாட்டில் இன்னொன்றும் நடந்தது. மணவாழ்க்கைக் காலத்தில் சேர்ந்த கணவரின் ஊழியர் ஓய்வூதியப் பதிவில் பாதி வரை மனைவிக்குப் பிரித்துக் கொடுக்க, 2007 ஏப்ரல் முதல் சட்டத்தில் வழி செய்தார்கள். மணவிலக்கு ஆகும்போதுதான் அந்தப் பங்கு. நமக்கு மணவிலக்கு வேண்டாம். (சிரிப்பு) ஆனால் அந்தச் சட்டத்துக்குள் இருக்கும் எண்ணத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் சம்பாதித்த ஓய்வூதியத்தில் வீட்டில் இருந்தவரின் உழைப்பும் இருக்கிறது என்று ஒரு நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டிலும் கொஞ்சம் ஒப்புக்கொண்டார்கள். 2022 டிசம்பர் 1 முதல் சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 120 வெள்ளி சந்தா. வீட்டு வேலை செய்யும்போது விபத்து நேர்ந்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் 55 வயதுக்குள் சேர வேண்டும். அது வந்தபோது எனக்கு 56. வயதுக்குள் இருக்கும் தங்கைகள் நாளைக்கே போய்ப் பதிந்துகொள்ளுங்கள். சமையலறையில் வழுக்கி விழுந்தால் அதுவும் வேலையிட விபத்துதான் என்று அரசாங்கமே சொல்கிறது. உங்கள் வீட்டுக்காரரிடமும் அதைச் சொல்லுங்கள். (கைதட்டல்)

தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

அடுத்தது பணம். பென்ஷன் வரும், கவலை இல்லை என்று நாம் இருந்துவிடுகிறோம். எவ்வளவு வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பென்ஷன் திட்டத்தில் இருக்கும் அரசு ஊழியருக்குக் கணக்கு இதுதான். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 600ஆல் வகுத்து, வேலை செய்த மாதங்களால் பெருக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு அடிப்படைச் சம்பளம் 6,000 வெள்ளி, 30 வருஷ வேலை, அதாவது 360 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,600 வெள்ளி வரும். அதுதான் உச்சம். ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகாது. 30 வருஷத்துக்கு மேல் எத்தனை வருஷம் உழைத்தாலும் பென்ஷன் கூடாது. வீட்டு அலவன்ஸ், வாழ்க்கைச் செலவு அலவன்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே மாதம் கைக்கு வந்துகொண்டிருந்த பணத்தில் பாதிதான் மிஞ்சும் என்று நினைத்துக் குடும்பத்தைத் திட்டமிடுவது நல்லது.

இன்னொரு பக்கம், பணிக்கொடை என்று மொத்தமாக ஒரு தொகை வரும். சம்பளத்தில் ஏழரை விழுக்காட்டை மாதங்களால் பெருக்குவார்கள். அதே 6,000 வெள்ளிக்கு, 360 மாதத்துக்கு, 162,000 வெள்ளி. இந்தத் தொகை வரும் நாளில் உறவு எங்கிருந்தெல்லாமோ வரும். (சிரிப்பு) பங்கு போடு, வியாபாரம் செய், மகனுக்குக் கார் வாங்கு என்று ஆளுக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டில் ஒரே ஒரு முடிவு எடுத்தோம். ஆறு மாதத்துக்கு அந்தப் பணத்தைத் தொடுவதில்லை. யார் கேட்டாலும் "இரண்டு பேரும் பேசிச் சொல்கிறோம்" என்பதே பதில். கேட்டவர்களில் பாதிப் பேர் மறுபடி வரவில்லை.

அக்கா தங்கைகளே, இப்போது சொல்வதை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பென்ஷன்காரர் காலமாகிவிட்டால் அந்த ஓய்வூதியம் துணைவிக்கு வரும். ஆனால் நீங்கள் சட்டப்படி அவர் மனைவி என்பதற்குத் தாள் வேண்டும். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்குப் பிறகு நடக்கும் நம் திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு, பதிவை மட்டும் விட்டுவிட்ட தம்பதிகள் நம் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். 1986ல் கோயிலில் கல்யாணம். மூன்று பிள்ளைகள், ஐந்து பேரப் பிள்ளைகள். அவர் திடீரென்று போய்விட்டார். பென்ஷன் நின்றது. பதிவுத் தாள் கேட்டார்கள், இல்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு காலைப் பொழுதில் முடிந்திருக்கும் வேலை அது. போனவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்ய முடியுமா? கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அக்கா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், தான் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டி வந்தது. (அரங்கில் அமைதி)

ஆகவே ஓய்வு பெறும் நாளுக்கு முன்னாலேயே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பென்ஷன் தாள்கள், வங்கிப் புத்தகம். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். எங்கள் வீட்டுக் கோப்பையும் அவர் அகர வரிசையில்தான் வைத்திருக்கிறார். அங்கே அது நன்றாக இருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்)

நாங்கள் போட்ட கால அட்டவணை

சரி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எப்படி எழுந்தார் என்று கேட்பீர்கள்.

அழுதும் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். பலிக்கவில்லை. அவருக்குப் புரிந்த மொழியில் பேசலாம் என்று ஒரு மணிலா அட்டை வாங்கினேன். கட்டம் போட்டேன். திங்கள் முதல் ஞாயிறு வரை. மேலே 'கால அட்டவணை' என்று எழுதி அவர் முன் வைத்தேன். "என்னங்க, இந்த வீட்டுல முப்பது வருஷத்துக்கு மேல ஒரே ஆசிரியர் எல்லாப் பாடத்தையும் நடத்திட்டிருக்காங்க. இன்னொரு ஆசிரியர் வந்திருக்காரு. பாடத்தைப் பிரிச்சுக்கலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சில் கேட்டார்.

திங்களும் வியாழனும் சமையல் அவர். முதல் சாம்பாரை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் மன்னிக்க வேண்டியிருந்தது. (சிரிப்பு) இப்போது அவர் வைக்கும் ரசத்துக்கு என் மகள் ரசிகை. சந்தைக்கு அவர்தான் போகிறார். காலையில் குனோங் லம்பாக் அடிவாரத்தில் இரண்டு பேரும் நடக்கிறோம். மேலே ஏறுகிறவர்கள் ஏறட்டும், எங்கள் முட்டிக்கு அடிவாரம் போதும்.

புதன்கிழமை என் நாள். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தாலும் இல்லாத மாதிரி. "உப்பு எங்கே?" என்று கேட்கக் கூடாது. பேர்தான் ஒட்டியிருக்கிறதே! (பலத்த சிரிப்பு)

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய நாள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். தோட்டத்திலிருந்து வெளியாகி இங்கே வீட்டு வசதிப் பகுதிகளில் குடியிருக்கும் பெரியவர்கள் பலருக்கு மலாயில் பாரம் நிரப்பத் தெரியாது. உதவித்தொகை விண்ணப்பம், மருத்துவமனைக் கடிதம், அடையாள அட்டை விவகாரம் எல்லாம் இவரிடம் வரும். இவர் படித்துச் சொல்லி, நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்குவதில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பாட்டிக்குப் பேர் எழுதக் கற்றுக் கொடுத்தார். அந்தப் பாட்டிக்கு 74 வயது. நான்காவது வாரம் அவரே பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரியா சார்?" என்று கேட்டார்.

'சார்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் உள்ளே போய்விட்டேன், அவர் கண்ணைத் துடைப்பதை நான் பார்த்தேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமென்று. இப்போது இந்த அரங்கத்தில் சொல்லிவிட்டேன். (கைதட்டல்)

ஆக, நெறியாளர் ஐயா, வரமா, சுமையா என்று கேட்டீர்கள். ஒருவருக்கு மட்டும் ஓய்வு கிடைத்தால் மற்றவருக்கு அது சுமைதான். வேலையைப் பிரித்துக்கொண்டால் ஓய்வும் இரண்டாகப் பிரியும். அப்போது அது வரம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். "அப்பா இப்போ சும்மாதானே இருக்காரு" என்று பேரப்பிள்ளைகளை நாள் முழுக்க விட்டுவிட்டுப் போவதற்கு முன்னால், அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பேரனைத் தூக்குவது எங்களுக்கு ஆசைதான். ஆனால் மறுபடி ஒரு முழுநேர வேலைக்கு நாங்கள் விண்ணப்பிக்கவில்லை.

பழைய மாணவர்களுக்கு ஒரு சொல். மே 16 ஆசிரியர் தினத்தன்று வாட்ஸ்அப்பில் பூப்படம் அனுப்புகிறீர்கள், சந்தோஷம். வருஷத்தில் ஒரு நாள் நேரில் போய், "சார், நீங்க சொல்லிக் கொடுத்த கணக்குதான் இன்னிக்குச் சோறு போடுது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பென்ஷன் வயிற்றுக்கு. இது மனசுக்கு.

பள்ளிக்கூடங்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓய்வு பெறும் ஆசிரியருக்கு மேடையில் மாலை போடும்போது, கீழே கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் துணைவியையோ துணைவரையோ மேடைக்குக் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள். ஓய்வு பெறப்போகும் சார்மார்களுக்கு ஒன்றே ஒன்று. அன்று மாலையும் கையுமாக வீட்டுக்குப் போனதும், அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை நீங்கள் செய்யுங்கள். முதல் நாளிலேயே தொடங்கிவிட்டால் பழகிவிடும்.

(நீண்ட கைதட்டல்)